பத்தாம் வகுப்பு மகளோடு டெக்சாஸிலிருந்து நியூஜெர்சி: எடிசனா, வெஸ்ட் விண்ட்சரா, சவுத் பிரன்ஸ்விக்கா?

சங்குப்பூ (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்) | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவள் நான். இப்போது உங்கள் யோசனை தேவைப்படுகிறது.

கணவருக்கு வேலை மாற்றம். அலுவலகம் பிஸ்கட்டாவேயில், வாரத்தில் மூன்று நாள் நேரில் போக வேண்டும். ஜூனில் கிளம்ப வேண்டியிருக்கும். மகள் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டியில் (அங்கே பள்ளி மாவட்டத்தின் பெயர்) ஒன்பதாவது முடிக்கப் போகிறாள். மகன் மூன்றாவது. அவனைப் பற்றிக் கவலை இல்லை, எங்கே கொண்டுபோய் விட்டாலும் அரை மணி நேரத்தில் விளையாட ஆள் பிடித்துவிடுவான். யோசனையெல்லாம் பெரியவளுக்குத்தான்.

இந்த வருடம் அவள் படிப்பது: ஜியாமெட்ரி ஹானர்ஸ், பயாலஜி ஹானர்ஸ் (சற்றுக் கடினமான பிரிவு), ஏபி (கல்லூரி அளவுப் பாடம்) ஹியூமன் ஜியாகிரஃபி, ஆங்கிலம், அமெரிக்கச் சைகை மொழி இரண்டாம் நிலை, ஆர்கெஸ்ட்ராவில் வயோலா (வயலின் போன்ற வாத்தியம்). படிப்பில் நல்ல பிள்ளை, ஆனால் முதல் ரேங்க் ரகம் இல்லை. அதிகம் பேசமாட்டாள். ஆர்கெஸ்ட்ராதான் அவளுடைய உலகம்.

கணவர் வீடு தேடும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் பக்கத்தில் பத்துக்கு 9, 10 என்று தர எண் போட்டிருக்கும் இடங்களை மட்டும் பார்க்கிறார். பட்டியல் மூன்றாகச் சுருங்கியிருக்கிறது: எடிசன், வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக். எது நல்லது? வாங்கலாமா, வாடகையா? கணக்கில் அவள் பின்தங்கிவிடுவாளோ என்பது இன்னொரு பயம். நாங்கள் ஹெச்1பி வேலை விசா, பிள்ளைகள் அதைச் சார்ந்த ஹெச்4. கிரீன் கார்டு வரிசையைப் பற்றிப் பேசினால் அழுகைதான் வரும், அதை விடுங்கள்.

ஓக்ட்ரீ_ரோடு (எடிசன்) | மார்ச் 9

வாங்க சங்குப்பூ. முதலில் ஒரு எச்சரிக்கை. டெக்சாஸில் ஐஎஸ்டி என்பது ஊர் எல்லையைத் தாண்டிப் போகும், பிளேனோ முகவரியில் இருந்துகொண்டே ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டியில் படிக்கலாம். நியூஜெர்சியில் அப்படி இல்லை. இங்கே 564 நகராட்சிகள், பள்ளி மாவட்டங்களும் கிட்டத்தட்ட அந்த எண்ணிக்கைக்கே இருக்கும். பெரும்பாலும் நகராட்சி, அதாவது டவுன்ஷிப், எதுவோ அதுவே பள்ளி மாவட்டம்.

குழப்பம் தபால் முகவரியில்தான் வரும். 'பிரின்ஸ்டன்' என்று முகவரி போட்ட எல்லா வீடும் பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போகாது. சில சவுத் பிரன்ஸ்விக், சில வெஸ்ட் விண்ட்சர், சில லாரன்ஸ். மன்மத் ஜங்ஷன், கெண்டல் பார்க், டேட்டன் என்று தனித்தனி ஊர்போலத் தெரிவதெல்லாம் சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஷிப்தான். ஐஸ்லின் எடிசனை ஒட்டி இருக்கும், ஆனால் அது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப். அதனால் வீட்டு விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி லீஸில் (வாடகை ஒப்பந்தம்) கையெழுத்துப் போடாதீர்கள். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எடிசனில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள்: வடக்கே ஜே.பி. ஸ்டீவன்ஸ், தெற்கே எடிசன் ஹை. இரண்டும் பெரியவை, தலா 2,000 பிள்ளைகளுக்கு மேல். நம்மவர்கள் ஜே.பி. ஸ்டீவன்ஸ் பக்கம்தான் மொய்ப்பார்கள், அதனால் அந்தப் பக்கம் வாடகையும் ஏறி நிற்கிறது. உங்கள் கணவருக்கு எடிசன்தான் பக்கம், பிஸ்கட்டாவே அடுத்த ஊர்.

வெண்பொங்கல் (பிளெயின்ஸ்பரோ) | மார்ச் 9

நான் வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோ காரன், பெரியவன் இங்கே படித்து முடித்துப் போய்விட்டான், சின்னவள் படிக்கிறாள். இரண்டு டவுன்ஷிப் சேர்ந்து நடத்தும் மாவட்டம் இது. உயர்நிலைப் பள்ளி இரண்டு: 'நார்த்' பள்ளி பிளெயின்ஸ்பரோவிலும் 'சவுத்' பள்ளி வெஸ்ட் விண்ட்சரிலும் இருக்கின்றன. எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்பதை ஊர் பெயரை வைத்து முடிவு பண்ணாதீர்கள், மாவட்டத்தின் எல்லைப் பட்டியலைப் பாருங்கள்.

இங்கே வருகிறவர்கள் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 2015ல் அப்போதைய கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், பலரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். அதையொட்டி உயர்நிலைப் பள்ளியில் மிட்டெர்ம், ஃபைனல் தேர்வுகளை எடுத்தார்கள். வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் வந்தன. நாலாம் வகுப்பிலேயே தொடங்கிய வேகக் கணக்கு வகுப்பையும் தள்ளிப்போட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் வரை செய்தி போனது. பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'பாடத்தைத் தண்ணியாக்குகிறார்கள்' என்று ஒரு கட்சி. அதில் நம்மவர்களும் சீனப் பெற்றோரும் அதிகம்.

இதை வைத்து ஊரை எடைபோட வேண்டாம். சொல்லப்போனால் பிரச்சினையை வெளிப்படையாகப் பேசிய மாவட்டம் என்ற மரியாதை எனக்கு உண்டு. ஆனால் உங்கள் மகள் அதிகம் பேசாத பிள்ளை என்கிறீர்கள். கூட இருப்பவர்கள் எந்த வேகத்தில் ஓடுகிறார்கள் என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதைத் தாங்குவாளா, அதில் உற்சாகம் அடைவாளா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நாலுகால்பாய்ச்சல் | மார்ச் 10

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? எண் எங்கே அதிகமோ அங்கே போங்கள். பிள்ளைகள் பழகிவிடுவார்கள். நாமெல்லாம் ப்ளஸ் டூவுக்கு நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் விடுதியில் போட்டுப் படித்து வரவில்லையா? எங்கள் அப்பா என்னைக் கேட்டா சேர்த்தார்? நான்கு வருடம் கஷ்டப்பட்டால் நாற்பது வருடம் நிம்மதி.

சுண்ணாம்புக்கட்டி (மத்திய நியூஜெர்சி) | மார்ச் 10

நான் இந்த மாநிலத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சமூகவியல் பாடம் எடுக்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை, நீங்கள் கேட்ட மூன்றிலும் இல்லை.

நாமக்கல்லை இங்கே கொண்டுவர வேண்டாம் சார். அங்கே எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அதே புத்தகம். இங்கே மாநிலம் மாறினால் புத்தகமும் மாறும், வரிசையும் மாறும், பட்டம் வாங்கத் தேவையான பாடங்களும் மாறும். சங்குப்பூ கவனிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

கணக்கில் பயப்பட ஒன்றும் இல்லை. ஜியாமெட்ரி முடித்துவிட்டு வருகிறாள், பத்தில் அல்ஜீப்ரா 2. டெக்சாஸும் நாங்களும் அதே வரிசை. அவளைவிட ஒரு வருடம் முன்னால் இருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், இருக்கட்டும்.

இடிக்கப் போவது வரலாறு. நியூஜெர்சியில் பட்டம் வாங்க இரண்டு வருட அமெரிக்க வரலாறும் ஒரு வருட உலக வரலாறும் வேண்டும். இங்கே வழக்கமாக உலக வரலாறு ஒன்பதில், அமெரிக்க வரலாறு பத்திலும் பதினொன்றிலும். டெக்சாஸில் ஒன்பதில் புவியியல், பத்தில் உலக வரலாறு, பதினொன்றில் ஒரே வருட அமெரிக்க வரலாறு. உங்கள் மகள் ஏபி ஹியூமன் ஜியாகிரஃபி எடுத்திருக்கிறாள். நல்ல பாடம்தான், ஆனால் இங்கே அதை உலக வரலாற்றுக்கு ஈடாக வைக்கமாட்டார்கள், விருப்பப் பாடக் கணக்கில் போகும். ஆக அவளுக்கு உலக வரலாறு பாக்கி நிற்கும். கோடையில் முடிக்கலாமா, பன்னிரண்டில் எடுக்க வேண்டுமா, பத்திலேயே இரண்டு வரலாறு சேர்த்து எடுக்கச் சொல்வார்களா? இது பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு வரலாறு எடுத்தால் ஒரு விருப்பப் பாடம் போகும். ஆர்கெஸ்ட்ராவும் விருப்பப் பாடம்தான், புரிகிறதா?

உடற்கல்வியும் அப்படியே. டெக்சாஸில் ஒரு கிரெடிட்டோடு (பாடத்துக்குப் போடும் அளவு எண்) முடிந்துவிடும். இங்கே படிக்கும் ஒவ்வொரு வருடமும் உண்டு. இன்னொரு பீரியட் போச்சு. கிரெடிட் எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள், அங்கே 26 என்பது இங்கே குறைந்தது 120 ஆகிறது. முழு வருடப் பாடம் ஒன்றுக்கு இங்கே 5 கிரெடிட் போடுவார்கள், அவ்வளவுதான்.

சைகை மொழி: மாநிலம் கேட்பது ஒரு வருட அந்நிய மொழி, அது முடிந்துவிட்டது. ஆனால் நல்ல கல்லூரிகள் ஒரே மொழியை மூன்று, நான்கு வருடம் தொடர்ந்திருந்தால் விரும்புவார்கள். நியூஜெர்சியில் சைகை மொழி எல்லாப் பள்ளியிலும் கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் வருடாவருடம் பாடப் பட்டியல் ஒன்று வெளியிடும், 'புரோகிராம் ஆஃப் ஸ்டடீஸ்' என்று தேடுங்கள். அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் 'ஸ்கூல் புரொஃபைல்' என்று ஒரு தாள் உண்டு. கவுன்சிலர்கள் (பள்ளியில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஆலோசகர்கள்) கல்லூரிகளுக்கு ஒவ்வொரு மாணவரின் விண்ணப்பத்தோடும் அனுப்புவது. இரண்டு மூன்று பக்கம் இருக்கும். எத்தனை ஏபி, எப்படி ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போடுகிறார்கள், ரேங்க் உண்டா, பிள்ளைகள் எங்கே போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆப்பில் வரும் எண்ணைவிட அந்தத் தாளுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செயல்பாட்டு அறிக்கையும் போடுகிறது. எத்தனை பேர் அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஏபி எழுதுகிறார்கள் என்பது வரை பார்க்கலாம்.

சங்குப்பூ | மார்ச் 10

சுண்ணாம்புக்கட்டி, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வீட்டில் நேற்று இரவு முழுக்க வரலாறுதான். இப்போதே போன் பண்ணி ஒரு இடம் பிடித்து வைக்க முடியாதா?

சுண்ணாம்புக்கட்டி | மார்ச் 10

முடியாது. லீஸோ வீட்டுப் பத்திரமோ மின் கட்டண ரசீதோ கையில் இல்லாமல் பதிவு செய்யமாட்டார்கள். இங்கே படிக்கும் பிள்ளைகள் அடுத்த வருடப் பாடங்களைக் குளிர்காலம் முடிவதற்குள் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஜூலையில் வருகிறவர்களுக்கு மீதி இருக்கும் சீட்டுதான். ஹானர்ஸ் வகுப்பு நிரம்பியிருந்தால் கவுன்சிலரும் என்ன செய்வார்? லீஸை மே மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் போன் பண்ணிக் கேள்வி கேட்க எந்தத் தடையும் இல்லை. தடுப்பூசிச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), இப்போதைய ஆசிரியர்களிடமிருந்து எந்தப் பாடத்தில் எதுவரை முடித்தார்கள் என்ற குறிப்பு, இவற்றைச் சேகரித்து வையுங்கள்.

கேரி_ராமு (வட கரோலினா) | மார்ச் 11

இடையில் ஒரு வார்த்தை. நியூஜெர்சிக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும். எங்கள் வேக் கவுண்டியில் வீட்டுக்கு எதிரே பள்ளி இருந்தாலும் அந்தப் பள்ளிக்கு 'கேப்' (சேர்க்கை உச்சவரம்பு) போட்டிருந்தால் புதிதாக வரும் குடும்பத்தின் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். பள்ளியை நம்பி வீடு வாங்கியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இங்கே பல பள்ளிகளில் ஒரு வருடப் பாடத்தை அரை வருடத்தில் முடிக்கும் முறை. ஒரு பருவத்தில் நாலே பாடம். வருடம் முழுக்க ஏழு பாடம் நடக்கும் ஊரிலிருந்து ஜனவரியில் வந்து சேர்கிற பிள்ளையின் நிலைமை பரிதாபம். எந்த மாநிலமானாலும் கோடையில் மாறுங்கள்.

ஏழாம்_சுவை (நியூ பிரன்ஸ்விக்) | மார்ச் 11

இங்கே எல்லோரும் பெற்றோர்போல. நான் பிள்ளைகள் பக்கத்து ஆள். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போது அப்பா வேலைக்காக மாநிலம் மாறினோம். இப்போது கல்லூரியில் இருக்கிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம்.

ஆன்ட்டி, பத்தில் மாறுவது பதினொன்றில் மாறுவதைவிட எவ்வளவோ நல்லது. கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்கள். பத்தில் வந்துவிட்டால் அவர்களுக்கு உங்கள் மகள் 'புதுப் பெண்' இல்லை. எனக்கு எழுதியவர்களுக்கு என்னை எட்டு மாதம்தான் தெரியும். கவுன்சிலருக்கு அதுவும் இல்லை.

சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். பாடத்தில் யாரும் தனியாக இல்லை. லஞ்சில் தட்டோடு நிற்கும்போது எங்கே உட்காருவது என்று தெரியாது. எனக்கு அதைத் தீர்த்தது மார்ச்சிங் பேண்ட். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன்னாலேயே பயிற்சி முகாம். பள்ளி திறக்கும்போது முப்பது பேரைத் தெரியும். ஆர்கெஸ்ட்ராவுக்கு அப்படி முகாம் இருக்குமா தெரியாது, ஆனால் ஆசிரியருக்கு இப்போதே மெயில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், அவள் எழுதட்டும்.

டெக்சாஸிலிருந்து வருகிறவர்கள் ரேங்கை மறந்துவிடலாம். இங்கே பல பள்ளிகள் ரேங்க் போடுவதே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, என் அப்பாவுக்குத்தான் எதைச் சொல்லிப் பெருமைப்படுவது என்று தெரியவில்லை.

நாலுகால்பாய்ச்சல் | மார்ச் 11

ரேங்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டெக்சாஸில் இருந்தால் ரேங்க் சும்மா இல்லை. 1997லிருந்து அங்கே சட்டமே இருக்கிறது, வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் முன்பு 6 சதவீதம், 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து 5. இதை விட்டுவிட்டு வருகிறீர்கள். கணவர் மட்டும் முதலில் போகட்டும், பெண் அங்கேயே முடிக்கட்டும். என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

வெண்பொங்கல் | மார்ச் 11

ஃப்ரிஸ்கோவில் முதல் 5 சதவீதத்தில் வருவது என்ன சாதாரணமா? அதுவும் 'முதல் ரேங்க் ரகம் இல்லை' என்று அம்மாவே சொல்கிறார். மூன்று வருடம் அப்பா இல்லாத வீடு, இரண்டு வாடகை. மூன்றாம் வகுப்புப் பையனையும் கணக்கில் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை_07 (சவுத் பிரன்ஸ்விக்) | மார்ச் 12

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நியூஜெர்சியில் வீட்டு வரி சராசரியே வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம்மவர்கள் மொய்க்கும் டவுன்ஷிப்களில் தனி வீட்டுக்கு அதைவிடக் கூடுதலாக எதிர்பாருங்கள். டெக்சாஸிலும் வரி அதிகம்தான், ஆனால் அங்கே மாநில வருமான வரி கிடையாது, இங்கே உண்டு. சம்பள உயர்வு என்று கம்பெனி சொல்வதை இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பாருங்கள்.

என் யோசனை: முதல் வருடம் வாடகை. வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் சொந்த வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளியில் ஒரே உரிமைதான், அபார்ட்மென்ட்டில் இருந்தாலும் அதே வகுப்பறை. ஆனால் வாடகை எடுக்கும்போதே பின்னால் வாங்கக்கூடிய பள்ளி எல்லைக்குள் எடுங்கள். பத்தில் ஒரு பள்ளி, பதினொன்றில் இன்னொன்று என்று ஆகிவிடக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் ஊரைச் சொல்வேன். சவுத் பிரன்ஸ்விக்கில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி. டவுன்ஷிப்புக்குள் எந்த மூலைக்கு மாறினாலும் அதே பள்ளி, எல்லைக்கோடு மாறுமோ என்ற கவலை இல்லை. பெரிய பள்ளி, கூட்டம் உண்டு. பிஸ்கட்டாவேக்கு எடிசன் அளவுக்குப் பக்கம் இல்லை, வெஸ்ட் விண்ட்சர் அளவுக்குத் தூரமும் இல்லை.

ஹெச்4 பற்றியும் யோசியுங்கள். 21 வயதானால் அந்த விசா போய்விடும், மத்திய அரசின் கல்வி உதவியும் ஹெச்4 பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆக மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணத்தில் படிப்பதுதான் நம்மில் பலருக்குக் கையில் இருக்கும் ஒரே வழி. ஊர்க்காரர் என்று கருதப்பட வழக்கமாகக் குறைந்தது 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். இங்கே மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளி படித்து இங்கேயே முடித்தவர்களுக்கு என்று 2013லிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது. பத்தில் வந்தால் சரியாக மூன்று வருடம். இந்த இரண்டில் எது ஹெச்4க்குப் பொருந்தும் என்பதை மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் போன்ற கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்ப வேண்டாம், நான் எழுதியதையும் சேர்த்துத்தான்.

ஓக்ட்ரீ_ரோடு | மார்ச் 12

மேக்னெட் பள்ளிகள் (தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புப் பள்ளிகள்) பற்றிக் கணவர் கேட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் மிடில்செக்ஸ் கவுண்டியில் எடிசனிலும் உட்பிரிட்ஜிலும் பெயர்பெற்ற அகாடமிகள் உண்டு. ஆனால் எட்டாவதில் விண்ணப்பித்து ஒன்பதில் நுழைவதுதான் வழி. பத்தில் வருகிறவர்கள் அதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சங்குப்பூ | மார்ச் 19

திரும்பி வந்துவிட்டேன். மூன்று மாவட்டங்களுக்கும் போன் பண்ணினோம். பேர் சொல்லாமல் எழுதுகிறேன், ஒரு கவுன்சிலர் ஒரு நாள் சொன்னதை வைத்துப் பள்ளியை எடைபோடுவது நியாயம் இல்லை.

ஒரு இடத்தில் 'ரெஜிஸ்ட்ரேஷன் ஆன பிறகு பேசலாம்' என்றதோடு சரி. இன்னொரு இடத்தில் கவுன்சிலர் பொறுமையாக அரை மணி நேரம் பேசினார். உலக வரலாற்றைக் கோடையில் இணையவழி முடிக்கலாம், ஆனால் எந்த நிறுவனத்தில் என்பதற்கு முன்கூட்டியே பள்ளியின் ஒப்புதல் வேண்டும் என்றார். மூன்றாவது இடத்தில் பன்னிரண்டில் எடுக்கலாம், அவசரம் இல்லை என்றார்கள். சைகை மொழி மூன்றில் எங்கேயும் அவள் நிலைக்குத் தொடர முடியாதுபோல. அவளே ஸ்பானிஷ் முதலிலிருந்து தொடங்குகிறேன் என்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஏழாம்_சுவை சொன்னபடி மூன்று ஆர்கெஸ்ட்ரா ஆசிரியர்களுக்கும் அவளே மெயில் எழுதினாள். என்னிடம் காட்டவில்லை, அவள் அப்பாவிடம்தான் காட்டினாளாம். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ஆடிஷனுக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று பாட்டின் பெயரோடு எழுதி, வீடியோ அனுப்பினால் போதும் என்றார். 'வயோலா எங்களுக்கு எப்போதும் தேவை' என்று ஒரு வரி வேறு. அன்றிலிருந்து மாடியில் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

கணவர் இன்னும் ஆப்பை மூடவில்லை. ஆனால் 10 போட்ட பள்ளிக்கும் 8 போட்ட பள்ளிக்கும் பாடப் பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு 'இரண்டிலும் இவள் எடுக்கப் போகும் வகுப்புகள் ஒன்றுதானே' என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய முன்னேற்றம்.

நாலுகால்பாய்ச்சல் | மார்ச் 19

வயோலாவை வைத்து ஊரை முடிவு செய்கிறீர்களா? நல்லது. பத்து வருடம் கழித்து வந்து சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி | மார்ச் 20

வயோலா வாசிக்கிறவர்கள் எந்தப் பள்ளியிலும் குறைவு சார், அது கிண்டல் பண்ணும் விஷயம் இல்லை. தினமும் ஒரு பீரியட், நாற்பது ஐம்பது பேர், அதே ஆசிரியர் மூன்று வருடம் தொடர்ந்து வருவார். பத்தில் வந்து சேரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது.

சங்குப்பூ, கோடையில் உலக வரலாறு எடுப்பதானால் ஒப்புதலை மெயிலில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிவு முடியாமல் ஒப்புதல் தரமாட்டோம் என்பார்கள், பதிவுக்கு லீஸ் வேண்டும். கோடை வகுப்புகள் ஜூன் கடைசியில் தொடங்கிவிடும். அதனால்தான் மே என்றேன். உடற்கல்வியைப் பன்னிரண்டு வரை தள்ளிப் போடலாமா என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள், நடக்காது.

தமிழ்ப் பள்ளிக்குப் போனவளா? இருமொழித் திறனுக்கான முத்திரை நியூஜெர்சியிலும் உண்டு. தமிழில் தேர்வு எழுதித் தேறினால் பட்டத்தோடு அது வரும். சைகை மொழி போன வருத்தத்துக்கு ஒரு சின்ன ஈடு.

ஓக்ட்ரீ_ரோடு | மார்ச் 20

டெக்சாஸில் மே கடைசியோடு பள்ளி முடியும், இங்கே ஜூன் மூன்றாம் வாரம் வரை நடக்கும். அந்த இடைவெளியில் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலியான கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை. மதியம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வேண்டும், கவுன்சிலர் நல்லவராக இருந்தால் ஒரு மாணவியைக் கூட அனுப்புவார். ஜூலையில் அலுவலகத்தில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.

சங்குப்பூ | மார்ச் 21

டிக்கெட் போட்டுவிட்டோம், ஜூன் முதல் வாரம். சவுத் பிரன்ஸ்விக்கும் எடிசனும் பார்க்கிறோம். வெஸ்ட் விண்ட்சர் கணவரின் பயணத்துக்குத் தூரம் என்று அவரே எடுத்துவிட்டார், வெண்பொங்கல் மன்னிக்கவும். லீஸுக்காக ஏப்ரல் கடைசியில் அவர் மட்டும் ஒரு நடை வந்துபோவார். கெண்டல் பார்க் பக்கம் இரண்டு படுக்கையறை வாடகை விசாரித்தவர்கள் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

வெண்பொங்கல் | மார்ச் 21

மன்னிப்பெல்லாம் எதற்கு? பிளெயின்ஸ்பரோ பக்கத்து ஊர்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள்.

மழைக்கால_மேகம் | மார்ச் 22

இந்த இழை ரொம்ப உதவியது. எங்களுக்கும் இதே நிலைதான், ஆனால் ஊர் சிகாகோ பக்கம், பையன் எட்டாவது. நேப்பர்வில்லில் பள்ளி மாவட்டம் 203 நல்லதா 204 நல்லதா? ஏஜென்ட் காட்டும் வீடுகள் பாதி ஆரோரா முகவரியில் இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிடலாமா?

ஓக்ட்ரீ_ரோடு | மார்ச் 22

தள்ளாதீர்கள். ஆரோரா முகவரியில் கணிசமான பகுதி 204க்குள்தான் வரும். அதன் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் மெட்டியா வேலியும் வாபோன்சி வேலியும் ஆரோராவிலேயே இருக்கின்றன, நூக்குவா வேலி மட்டும் நேப்பர்வில்லில். என் தம்பி அங்கே பாலாஜி கோயில் பக்கம் இருக்கிறான், அவனைக் கேட்டு எழுதுகிறேன். தனி இழை ஒன்று தொடங்குங்கள், இங்கே கலந்துவிட்டால் பிறகு யாருக்கும் கிடைக்காது. பையன் கணக்கில் எந்த நிலை, என்ன மொழி எடுக்கிறான் என்பதையும் அதில் எழுதுங்கள்.